ஊரிலேயே தங்குங்கள்: புதிய கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

தேர்வு எழுதி, கலந்தாய்வு முடிந்து, கிராம நிர்வாக அலுவலர் பணி ஆணையைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். உங்களில் பலர் பொறியியல் முடித்தவர்கள், சிலர் முதுகலை வரை போனவர்கள் என்று கேள்விப்படுகிறேன். சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர், "இவ்வளவு படிச்சிட்டு வி.ஏ.ஓ. வேலைக்கா?" என்று கேட்டிருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றிருந்தால், இந்தக் கடிதம் அதற்கும் சேர்த்துத்தான்.

நான் 1984இல் இதே வேலையில் சேர்ந்தவன். வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று படியேறி, வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். எத்தனையோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வராதபோது அவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. என் முதல் கிராமம்தான் வருகிறது.

பயிற்சி வகுப்பில் படிநிலையைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். மாவட்டம், அதற்குக் கீழே கோட்டம், கோட்டத்துக்குக் கீழே வட்டம், வட்டத்துக்குக் கீழே குறுவட்டம், எல்லாவற்றுக்கும் அடியில் வருவாய் கிராமம். பக்கத்திலேயே இன்னொரு ஏணி இருக்கும்: ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, வார்டு. இரண்டு ஏணியின் படிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் இருக்கும்; ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கும். காவல் நிலைய எல்லை ஒரு மாதிரி, சார்பதிவக எல்லை இன்னொரு மாதிரி. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்துவிடுவீர்கள், எனக்குக் கவலை இல்லை. என்னுடைய வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்களுக்கு ஒதுக்கிய கிராமத்தில் வீடு பிடித்துக் குடியிருங்கள். விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் விதியில் இருப்பதற்காக நான் சொல்லவில்லை.

என் முதல் கிராமம் அப்போது பிரிக்கப்படாத தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மானாவாரி ஊர். எனக்கு வயது இருபத்துமூன்று. கிராமத்திலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி, தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பேருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவேன். வாரத்தில் இரண்டு நாள், தாலுகா ஆபீஸில் வேலை என்று சொல்லிக்கொண்டு போகாமலே இருந்துவிடுவேன். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி 1395, ஆடிப் பட்டம். வயல் வயலாக நடந்து என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்து அடங்கலில் எழுத வேண்டும். முக்கால்வாசி நடந்தேன். மீதிக்கு முந்தைய பசலியின் அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினேன். போன வருஷம் தரிசு என்றால் இந்த வருஷமும் தரிசு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பிடுங்கும் பருவத்தில் இருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போயிற்று. நிவாரணம் அறிவித்தார்கள். அடங்கலில் பயிர் இருந்தவர்களுக்குப் பட்டியல் போட்டுச் சாவடியில் ஒட்டினேன். ஒட்டிய அன்று ஓர் அம்மா வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. ஊருக்கு வடக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லை. நான் நடக்காமல் விட்ட பகுதி அதுதான். மடியிலிருந்து ஒரு கைப்பிடி செடியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்கள். வேர் அழுகி, காயெல்லாம் பிளந்து வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஈரமண் பதிவேட்டின் மேல் உதிர்ந்தது.

"இது கொல்லயில இருந்துச்சிங்க. ஒங்க நோட்டுல இல்லீங்களா?"

அவர்கள் சத்தம் போடவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கொல்லையில் இருப்பது நோட்டில் எப்படி இல்லாமல் போகும் என்று அவர்களுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் வருவாய் ஆய்வாளரிடம் போய் அடங்கலைத் திருத்த வழி உண்டா என்று கேட்டேன். நான் நடக்காமல் எழுதினேன் என்பதை எழுத்தில் கொடுத்திருந்தால் வழி இருந்திருக்கும். அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டியல் மேலே போய்விட்டது. அந்த வருஷம் அவர்களுக்குப் பணம் வரவில்லை. அடுத்த சித்திரையில் அந்த ஊரிலேயே ஒரு வீட்டின் முன்னறையை மாதம் முப்பது ரூபாய்க்குப் பேசிக் குடிபோனேன்.

அந்த ஊர் நான் சேர்ந்தபோது தென்னார்க்காட்டில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019இல் கள்ளக்குறிச்சிக்கு. ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. மேலே இருக்கும் பெயர்கள் எப்போதும் இப்படித்தான் மாறி வந்திருக்கின்றன. சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்தது நாடு. நாடுகளைத் தொகுத்து வளநாடு என்று ராஜராஜன் பெயர் வைத்தான். தொண்டை மண்டலத்தில் கோட்டம் என்றார்கள். பிறகு வந்தவை அரபியும் பாரசீகமும் கலந்த சொற்கள். தாலுகா என்றால் ஒன்றைச் சார்ந்து இருப்பது. பிர்கா என்றால் பிரிவு, கூட்டம். பசலி அறுவடைப் பருவம். தாசில்தார் வரி வசூலிப்பவர். ஒவ்வோர் ஆட்சியும் தன் பாஷையில் ஒரு பெயர்ப் பலகை மாட்டிவிட்டுப் போனது. அடியில் இருந்த ஊர் என்ற சொல்லை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை.

ஊருக்கு ஒரு கணக்கு, அதை எழுத ஓர் ஆள் என்ற ஏற்பாடும் அப்படித்தான் நிலைத்தது. ஆனால் அந்த ஆள் யார் என்பதில் பெரிய அநியாயம் இருந்தது. கர்ணம், மணியக்காரர் பதவிகள் பரம்பரையாக வந்தன. 1895ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதை எழுத்திலேயே உறுதி செய்தது. அப்பா கர்ணம் என்றால் பிள்ளை கர்ணம். இந்த வாரிசு முன்னுரிமை அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. இங்கே 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளையே ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. உங்கள் பதவி பிறந்தது அங்கேதான். சாவடித் திண்ணையில் ஏறவே விடாத குடும்பங்களின் பிள்ளைகள் அதே சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்து பட்டா எழுதினார்கள். என் தொகுப்பில் சேர்ந்தவர்களில் அப்படிப்பட்ட நண்பர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் முதல் முறை "வாங்க" என்று சொல்ல எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர்களே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கர்ணத்திடம் ஆயிரம் குறை இருந்தது. ஒரு நிறை மட்டும் இருந்தது: அவர் ஊரில் இருந்தார். நாம் அநியாயத்தை ஒழித்தோம். கூடவே அந்த இருப்பையும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

ஓய்வுக்குப் பிறகு, மற்ற நாடுகளில் மாவட்டத்துக்குக் கீழே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பதே என் பொழுதாகிவிட்டது. பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறு. கடைசிப் படியில் எங்கும் ஒரே கேள்விதான் நிற்கிறது: எத்தனை வீட்டுக்கு ஓர் ஆள், அந்த ஆள் எங்கே இருக்கிறார்?

ஜப்பானைப் பாருங்கள். 1888இல் அங்கே 71,314 ஊர்கள் இருந்தன. மறு வருஷமே அவற்றை இணைத்து 15,859 ஆக்கினார்கள். ஓர் ஆரம்பப் பள்ளியை நடத்தக் குறைந்தது 300 முதல் 500 வீடு வேண்டும் என்பது அன்றைய கணக்கு. 1953இல் அடுத்த சட்டம். இந்த முறை நடுநிலைப் பள்ளி. அதற்கு 8,000 பேராவது வேண்டும். 9,868 ஆக இருந்தவை 1961இல் 3,472 ஆயின. இந்த இரண்டு இணைப்பையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. பிள்ளைகள் நடந்து போகும் பள்ளிக்கூடத்தை அளவுகோலாக வைத்து எல்லை வரைந்தவனைக் குறை சொல்ல மனம் வராது. மூன்றாவது முறை அப்படியில்லை. 1999இல் 3,232 ஆக இருந்தவை 2010இல் 1,727 ஆகச் சுருங்கியதற்குப் பெரிய காரணம் நிதிச் சுமை. இணைந்தால் சலுகை, இணையாவிட்டால் வரும் மானியம் குறையும் என்ற நெருக்கடி. மலை ஊர்களின் அலுவலகங்கள் பக்கத்து நகரத்தின் கிளைகளாயின.

அந்த நேரத்தில் ஃபுகுஷிமா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் யமட்சுரி என்ற சிற்றூர், மொத்தம் ஏழாயிரம் பேர் சுமாருக்கு இருந்த ஊர், 2001 அக்டோபர் 31ஆம் தேதி மன்றம் கூடி, யாரோடும் இணைய மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. நாடு முழுக்க அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தத் தீர்மானத்தைவிட அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. காசு குறைவு, ஆகவே பணியாளர்களைக் குறைத்தார்கள். அதே சமயம் அலுவலகத்தை வருஷத்தின் எல்லா நாளும் திறந்து வைத்தார்கள், ஞாயிறும் பண்டிகை நாளும் உட்பட. மலைச் சரிவுகளில் சிதறியிருக்கும் வீடுகளிலிருந்து கிழவர்களும் கிழவிகளும் அலுவலகம் வர முடியாதே என்று, அங்கங்கே குடியிருந்த பணியாளர்களின் சொந்த வீடுகளையே கிளை அலுவலகம் ஆக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சிப் பணியாளர். அவர் வாசலில் போய் மனுவைக் கொடுக்கலாம், கட்டணத்தைக் கட்டலாம். நூலகம் அமைக்கக் காசிருந்தது, புத்தகம் வாங்கக் காசில்லை. நாடெங்கும் உள்ள வாசகர்களிடம் கேட்டார்கள், லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. 2007இல் நூலகத்தைத் திறந்தார்கள்.

பணியாளரின் வீட்டு வாசலே அரசாங்கத்தின் கடைசிப் படி. இதைப் படித்த அன்று என் முப்பது ரூபாய் முன்னறை ஞாபகம் வந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, காலையில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போக வேண்டும், வருமானச் சான்றுக்குக் கையெழுத்து வேண்டும் என்று கேட்பார்கள். எரிச்சல் வந்த நாளும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை யார், அவன் அப்பன் என்ன வேலை செய்கிறான், வருமானம் எவ்வளவு இருக்கும் என்பதை விசாரிக்க எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

ஜப்பானில் ஊரைப் பெரிதாக்கிக் கெடுத்தார்கள் என்றால், இந்தோனேசியாவில் சிறிதாக்கிக் கெடுத்தார்கள். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுக்கு ஊர் என்றால் நாகரி. சொல்லைக் கேட்டாலே நமக்கு உறவு தெரியும். நாகரிக்கென்று மன்றம், பொது நிலம், தாய்வழிக் குலங்களின் தலைவர்கள் எல்லாம் உண்டு. 1979இல் ஜகார்த்தா ஒரு சட்டம் போட்டது: நாடு முழுக்கச் சாவகத்தில் உள்ளதுபோல் 'தேசா' என்ற ஒரே மாதிரி அலகுதான். ஐந்நூற்றுச் சொச்சம் நாகரிகள் 3,000க்கும் மேற்பட்ட தேசாக்களாக உடைந்தன. அலகு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று நிதி வந்ததால், உடைத்தால் காசு கூடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் பொது நிலத்தை எப்படி ஆறாகப் பிளப்பது? ஒரு குலம் நான்கு தேசாக்களில் கிடந்தால் அதன் தலைவர் யாருக்குத் தலைவர்? இருபது வருஷம் தவித்துவிட்டு, சுகார்த்தோ போன பிறகு, 2000ஆம் ஆண்டையொட்டி 'நாகரிக்குத் திரும்புவோம்' என்று மாகாணமே திரும்பிற்று. நம் ஊர்களிலும் ஒரு கிராமத்தைப் பிரிக்கவோ சேர்க்கவோ பிரேரணை அனுப்பச் சொல்லி ஒரு நாள் உங்களிடம் கேட்பார்கள். அன்றைக்கு மக்கள்தொகையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஏரி யாருக்குப் பாய்கிறது, சுடுகாட்டுப் பாதை எந்த எல்லையில் போகிறது என்பதையும் எழுதுங்கள்.

பிலிப்பைன்ஸில் கடைசி அலகின் பெயர் பரங்காய். படகைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. ஒரு படகில் வந்திறங்கிய கூட்டம் ஓர் ஊர். நாடெங்கும் சுமார் 42,000 பரங்காய்கள் இருக்கின்றன. அங்கே அக்கம்பக்கத்தார் சண்டை போட்டால் நேராக நீதிமன்றம் போக முடியாது, பெரும்பாலான சச்சரவுகளுக்கு முதலில் பரங்காய்த் தலைவர் முன்னால் சமரசக் குழுவில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 1978இலிருந்து இது சட்டம். வரப்புத் தகராறு பதினைந்து வருஷம் நீதிமன்றத்தில் நடப்பதைப் பார்த்த எனக்கு இது பெரிய ஏக்கத்தைத் தருகிறது.

இலங்கையை நாம் மறக்க முடியாது. மாவட்டத்துக்குக் கீழே பிரதேச செயலகம், அதற்குக் கீழே கிராம அலுவலர் பிரிவு. அப்படிச் சுமார் 14,000 பிரிவுகள். 1963இல் பழைய ஊர்த்தலைவர் பதவியை எடுத்துவிட்டுக் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள், நாம் கர்ணத்தை எடுத்ததற்குப் பதினேழு வருஷம் முன்பே. யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சுவழக்கில் அவர் விதானையார்தான். போர்க்காலத்தில் அந்த விதானைமாரின் வேலையைப் பற்றி அங்கிருந்து வந்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் முழுக்க இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்திலும் மரத்தடியிலும் கிடக்கும். நிலம் வேறு யார் கையிலோ இருக்கும். விதானையார் குடும்பப் பதிவோடு சனத்தோடு சனமாக நடந்து வந்திருப்பார். நிவாரண உலர் உணவு அந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கும். இன்ன ஊர்க்காரர், இன்ன குடும்பம் என்று சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத நாட்கள் அவை. நிலமில்லாமல், வெறும் பெயர்ப் பட்டியலாக ஒரு கிராமம் நடந்து போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறானது பிரான்சில். முதல் உலகப் போரில், 1916இல், வெர்தன் நகரைச் சுற்றியிருந்த ஊர்கள் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகளும் நஞ்சும் கிடந்ததால் மறுபடி குடியேற விடவில்லை. அவற்றில் ஆறு ஊர்களில் இன்றுவரை ஓர் ஆள்கூட இல்லை. ஆனால் பிரெஞ்சு அரசு அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. ஆறுக்கும் ஆளுக்கொரு மேயர் உண்டு. வாக்காளரே இல்லாததால் மாவட்டத் தலைமை அதிகாரி அவரை நியமிக்கிறார். வட இந்திய வருவாய்ப் பதிவேடுகளில் ஆளில்லாத கிராமத்துக்குப் 'பேசிராக்' என்று பெயர். விளக்கில்லாதது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊர்களுக்கு ஒரு விளக்காவது எரியட்டும் என்று மேயரை வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஊரோடு இருங்கள் என்று சொல்கிறவன் இதை மறைக்கக் கூடாது.

1994இல் ருவாண்டாவில் ஆட்சி அமைப்பு மிக நேர்த்தியாக இருந்தது. மாகாணம், அதற்குக் கீழே கொம்யூன், செக்டர், செல். கொம்யூனின் தலைவருக்குப் பூர்க்மேஸ்தர் என்று பெயர். அடையாள அட்டையில் ஹூட்டுவா டுட்சியா என்று இனம் எழுதியிருக்கும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்கு அத்துப்படி. டாபா என்ற கொம்யூனின் தலைவர் ஜான்-போல் அகயெசு. முன்னாள் ஆசிரியர். டுட்சிகளைக் குறிவைத்த இனப்படுகொலை தொடங்கிய முதல் நாட்களில் தம் பகுதியில் அதைத் தடுக்கத்தான் அவர் முயன்றார். ஏப்ரல் 18ஆம் தேதி மேலிடத்துத் தலைவர்கள் கூட்டிய கூட்டத்துக்குப் போய் வந்தார். அதன் பிறகு அவர் போக்கு மாறிவிட்டது என்று நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. அரசு அலுவலகம் என்று நம்பி அடைக்கலம் தேடி வந்தவர்கள் அந்த வளாகத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானார்கள், கொல்லப்பட்டார்கள். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி சர்வதேசத் தீர்ப்பாயம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. உலக வரலாற்றில் ஒரு சர்வதேச நீதிமன்றம் இந்தக் குற்றத்துக்காகத் தண்டித்த முதல் மனிதர் ராணுவத் தளபதி கிடையாது, மந்திரி கிடையாது. மாவட்டத்துக்குக் கீழே இருந்த ஓர் அலகின் தலைவர்.

நம் ஊரை ருவாண்டாவோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் ஆளை அறிந்திருப்பது தானாகவே நல்லதாகிவிடாது என்பதை இதைவிடக் கடுமையாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்கள் கையிலும் சாதிச் சான்று விசாரணை வரும். உங்கள் வருவாய் கிராமத்துக்குள்ளும் ஊர் என்று ஒன்றும் காலனி என்று ஒன்றும் இருக்கும். எந்தத் தெருவில் வீடு பார்க்கிறீர்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை இரண்டு பக்கமும் கவனிக்கும். காலனியிலிருந்து வந்திருக்கும் தம்பிக்கு ஊருக்குள் வாடகை வீடு தர மறுப்பார்கள். தனியாக வந்திருக்கும் தங்கைக்கு வேறு விதமான தொல்லைகள். சில அலுவலகங்களில் கழிப்பறைகூட இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து ஒரு நாள் வாய்மொழியாக ஓர் உத்தரவு வரும், ஒருவரை விட்டுவிடச் சொல்லியோ இன்னொருவரைச் சேர்க்கச் சொல்லியோ. அன்றைக்கு எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் எழுத்தில் தர மாட்டார்கள். விஷயம் அதோடு நின்றுவிடும்.

உயிருக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த ஒரு கிராம நிர்வாக அலுவலரை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். தாமிரபரணி மணலுக்காக உயிரைக் கொடுத்தவர். அவருக்கு வணக்கம் செலுத்தாமல் இந்தக் கடிதத்தில் உங்களைத் தங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆற்றில் மணல் எடுக்கும் இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். புகாரின் நகலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கிராம உதவியாளரையும் ஆய்வாளரையும் எப்போதும் தகவலில் வைத்திருங்கள்.

பட்டா இணையத்தில் கிடைக்கிறது, சான்றுக்கு இ-சேவை மையம் இருக்கிறது, இனி வி.ஏ.ஓ. எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். இணையத்தில் இருப்பதை யாராவது முதலில் நடந்து பார்த்து எழுதியிருக்க வேண்டும். நான் எழுதிய 'தரிசு' இன்றைக்குக் கணினியில் ஏறியிருந்தால் அழகான எழுத்தில், அரசு முத்திரையோடு, எங்கிருந்தும் பார்க்கக்கூடிய பொய்யாக இருந்திருக்கும்.

முதல் வாரத்திலேயே கிராம உதவியாளரைக் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்துவிடுங்கள். ஊரில் அவரை இன்னும் தலையாரி என்றுதான் கூப்பிடுவார்கள். உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும், அதை அவரிடமே ஒப்புக்கொள்ளுங்கள். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கிராமங்களின் எல்லை சேரும் இடத்தில் நட்ட கல் இருக்கிறதா, யாராவது பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். அடங்கல் எழுதி முடித்ததும் ஒரு நாள் சாயங்காலம் ஊரிலும், ஒரு நாள் காலனியிலும் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். விதியில் இதற்குக் கட்டாயம் இல்லை. தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே சொல்வார்கள். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது அந்த அம்மாதான்.

பசலி 1396. மழை பெய்து விதைப்பு முடிந்திருந்தது. நான் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி அவர்கள் கொல்லைக்குப் போனேன். களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வரப்போரமாக நடந்து நான்கு மூலையையும் காட்டினார்கள். அங்கேயே நின்று எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள். புல எண், பெயர், நிலக்கடலை, மானாவாரி, 0.60.5 ஹெக்டேர் என்று படித்தேன். ஹெக்டேர் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒன்றரை ஏக்கர்தான் அம்மா என்றேன். "அப்ப இன்னொரு தரம் ஏக்கர்ல படிங்க" என்றார்கள். படித்தேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வட்டாட்சியர் ஒருவர்